கோட்டைக்குப் பல் கட்டிய கோடை

ரோக்கதோர்சா
1936 ஜூன் 9, இரவு

அன்புள்ள ஆர்ஜியா அக்கா,

ஆறு மாதமாக ஒரு வரிகூட எழுதாதவள் இப்போது ஏன் எழுதுகிறாள் என்று நீ திட்டுவாய். திட்டு. ஆனால் முழுவதும் படித்துவிட்டுத் திட்டு.

உன் பெயரை வீட்டில் சொல்லக்கூடாது என்பது அப்பாவின் கட்டளை. எழுதக்கூடாது என்று அவர் சொல்லவில்லை. ஆனாலும் அவர் தூங்கிய பிறகு, அடுப்புத் தணலின் வெளிச்சத்தில் எழுதுகிறேன். அவர் புரண்டு படுக்கும் சத்தம் கேட்டால் தாளைப் பாவாடைக்குள் செருகிக்கொள்கிறேன். எழுத்து கோணலாக இருந்தால் காரணம் அதுதான்.

இதைத் தபாலில் போடப் போவதில்லை. தபாலைப் பிரித்துப் பார்க்கிறார்களாம். ஊர் ரொட்டி அடுப்பைப் பார்த்துக்கொள்ளும் செலிந்தா அத்தையிடம் கொடுப்பேன். அவள் கணவர் கோஸிமோ ரயில் இஞ்சினில் கரி அள்ளிப் போடுகிறவர் அல்லவா? ரயில்காரர்கள் கைக்குக் கை மாற்றி பியெல்லாவரை கொண்டுவந்து, உன் கம்பளி ஆலை வாசலிலேயே சேர்த்துவிடுவார்களாம். நீயும் அப்படியே பதில் அனுப்பு.

விஷயம் இதுதான். நம் கோட்டைக்குத் திரும்பவும் பல் கட்டப் போகிறார்கள்.

பழைய கட்டடங்களைப் புதுப்பிக்கிறோம் என்று ரோமிலிருந்து ஒரு குழு வந்திருக்கிறது. அதில் வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு பொறியாளர். பல் போல வரிசையாக நின்ற கற்கள் போய் மொட்டையாக நிற்கும் மதில் உச்சியைப் பார்த்து அவருக்குக் கண்ணீரே வந்துவிட்டதாம். நம் ஊர்த்தலைவரும் வெளியூரிலிருந்து நியமிக்கப்பட்டவர்தானே, அவரும் கூடவே கண்ணைத் துடைத்துக்கொண்டாராம். அந்தக் கற்கள் எங்கும் போகவில்லை, வீட்டுக்கு ஒன்றாக வாசற்படியில் கிடக்கின்றன என்று யாரோ வாயை விட்டுவிட்டார்கள். ஞாயிறு பூசை முடிந்ததும் சதுக்கத்தில் எக்காளம் ஊதி அறிவித்தார்கள். எல்லா வாசற்கல்லும் கோட்டைக்குத் திரும்ப வேண்டும். ஆகஸ்ட் பதினாறு, புனித ரோக்கோ திருவிழாவன்று மாவட்டக் கட்சித் தலைவர் நேரில் வந்து கடைசிக் கல்லை ஏற்றி வைப்பார்.

கற்களைப் பெயர்க்கும் வேலை யாருக்குத் தெரியுமா? அப்பாவுக்கு.

செலிந்தா அத்தை அடுப்படியில் எல்லோர் முன்னாலும் கேட்டாள்: "ஏன் தொனாத்தோ, உன் பாட்டன் முப்பாட்டன் மிதிச்ச கல்லை நீயே தோள்ல தூக்கி உச்சியில வைக்கப் போறியா? வெக்கமா இல்ல?"

அப்பா ரொட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "கொத்தனாரைக் கூப்ட்டாங்க, வர்றேன்னேன். கூப்ட்டா நீ போக மாட்டியா?" என்றார்.

"நான் கொத்தனார் இல்லப்பா. எனக்கு முதுகெலும்பு இருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இன்னும் இருக்கிறது. விழாவில் ஊர்ப் பிள்ளைகள் சார்பாக நன்றியுரை வாசிக்க ஆசிரியை கார்பானி என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். உரையையும் அவரே எழுதிவிட்டார். "எங்கள் முன்னோர்கள் சிகொல்ஃபோ பிரபுவின் நிழலில் அச்சமின்றி வாழ்ந்தார்கள். காலத்தின் கொடுமையால் சிதறிய கற்களை இன்று மனமுவந்து திருப்பித் தருகிறோம்." இப்படி இரண்டு பக்கம். மனப்பாடம் செய்யச் சொல்லியிருக்கிறார்.

நகரத்திலுள்ள ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் எனக்கு இலவச இடம் கிடைக்கலாம். அதற்கு ஊர்த்தலைவர் கையெழுத்து வேண்டும். "விழா நல்லபடியா முடியட்டும் குழந்தை, போட்டுடலாம்" என்று என் கன்னத்தைத் தட்டினார்.

நான் என்ன செய்யட்டும் அக்கா?

நெரீனா


பியெல்லா
1936 ஜூன் 21

நெரீனா,

திட்டப் போவதில்லை. தறிச் சத்தத்தில் நாள் முழுக்கக் கத்திக் கத்தித் தொண்டை போய்விட்டது. ஆனால் உன் கடிதத்தைச் சாப்பாட்டு நேரத்தில் படித்துவிட்டு, கையிலிருந்த ரொட்டியைச் சுவரில் எறிந்தேன். பக்கத்திலிருந்தவள் அதை எடுத்துத் தின்றுவிட்டாள். ஆகவே எனக்கு ஒரு வேளைச் சாப்பாடு கடன்பட்டிருக்கிறாய்.

காலத்தின் கொடுமையால் சிதறிய கற்களா! காலமா வந்து கடப்பாரை போட்டது?

உனக்குத் தெரிந்ததைத்தான் எழுதுகிறேன். தெரிந்தும் என்னிடம் கேட்கிறாயே, அதனால் எழுதுகிறேன். அந்தக் கோட்டையின் அம்புத் துளைகள் எந்தப் பக்கம் பார்க்கின்றன? பள்ளத்தாக்கையா, எதிரி வரும் பாதையையா? நம் சதுக்கத்தைப் பார்க்கின்றன. நம் ஊரில் கோட்டைப் பக்கம் ஜன்னல் வைத்த வீடு ஒன்றாவது உண்டா? ஜன்னலில் தலை தெரிந்தால் அந்தப் பிரபு எய்வான், அதனால்தான் இல்லை. மாவரைக்கும் ஆலை அவனுடையது, ரொட்டி அடுப்பும் அவனுடையது. ஒரு பனிக்காலத்தில் வரி போதவில்லை என்று அடுப்பைப் பூட்டினான். பிசைந்த மாவைத் தலையில் சுமந்துகொண்டு பெண்கள் கோட்டை வாசலுக்குப் போனார்கள், அடுப்பைத் திற என்று கேட்க. காவற்காரன் சிரித்துக்கொண்டே கதவைத் திறந்தான். அத்தனை மாவும் அவன் முகத்தில் விழுந்தது. பின்னாலேயே ஆண்கள் சம்மட்டியோடு நுழைந்தார்கள்.

பிரபுவை அவர்கள் கொல்லவில்லை. முற்றத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்து, அவன் பார்க்கப் பார்க்க மதில் உச்சியின் பற்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார்கள். வீட்டுக்கு ஒன்று எடுத்துக்கொண்டுபோய் வாசலில் பதித்தார்கள். போகும்போதும் வரும்போதும் மிதிக்க வேண்டும், அவ்வளவுதான். கல்யாணப் பெண் அதன்மேல் ஏறி ஒரு முறை குதிகாலால் உதைத்துவிட்டுத்தான் உள்ளே வருவாள். பக்கத்து ஊர்க்காரர்கள் இன்றும் நம்மைப் பல்பிடுங்கிகள் என்றுதான் கூப்பிடுகிறார்கள். இங்கே ஆலையில்கூட என் பெயர் அதுதான். மேஸ்திரி அப்படிக் கூப்பிட்டால் நான் எழுந்து நின்று வணக்கம் சொல்வேன்.

அப்பாவைப் பற்றி எனக்கு ஆச்சரியமே இல்லை. தேசத்துக்குத் தங்கம் கொடுங்கள் என்று போன டிசம்பரில் கேட்டார்கள். செத்துப்போன அம்மாவின் கல்யாண மோதிரத்தை எடுத்து நீட்டத் தயாராக நின்றவர் அவர். நான் அதை எடுத்துக்கொண்டு ஓடினேன். ஓடியதற்கு இன்றுவரை வருத்தப்படவில்லை. மோதிரத்தைக் கொடுக்கத் துணிந்தவர் கல்லைக் கொடுக்கத் தயங்குவாரா?

நீ வாசிக்காதே. காய்ச்சல் என்று படு. தொண்டை கட்டிவிட்டது என்று சொல். எதுவும் முடியாவிட்டால் மேடையில் ஏறி வாயை மூடிக்கொண்டு நில்.

ஆர்ஜியா


ரோக்கதோர்சா
1936 ஜூலை 5

அக்கா,

அங்கே இருந்துகொண்டு நீ சொல்வது சுலபம்.

நீ மோதிரத்தோடு ஓடிய அன்று மாலை இங்கே என்ன நடந்தது என்று நீ கேட்கவே இல்லை. நானும் சொல்லவில்லை. கறுஞ்சட்டைக்காரர்கள் இரண்டு பேர் வந்து அப்பாவைக் கட்சி அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். விடிந்த பிறகுதான் திரும்பினார். தொப்பி இல்லை. கிணற்றடியில் சட்டையைத் தானே துவைத்தார், என்னைத் தொட விடவில்லை. அதற்குப் பிறகு பனி உருகும்வரை அவரை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. கூப்பிடப் பயந்தார்கள். கஷ்கொட்டை மாவுக் கஞ்சியைத் தவிர நாங்கள் வேறு எதுவும் சாப்பிடவில்லை. அம்மாவின் மோதிரம் உன்னிடம் இருக்கிறது என்று எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அதற்கான விலையை நீ கொடுக்கவில்லை.

எழுதிவிட்டேன். இந்த வரிகளை அடித்துவிடலாமா என்று யோசித்தேன். அடிக்கப் போவதில்லை.

போன வாரம் வாசற்கற்களை எடுத்தார்கள். முதலில் நம் வீடு. அப்பாவே உளியை வைத்து, சுற்றியிருந்த சுண்ணாம்பைச் செதுக்கி, கடப்பாரையால் நெம்பினார். பொறியாளர் வெள்ளைத் தொப்பியால் விசிறிக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். கல் எழும்பியபோது அடியில் ஈரமண்ணும் புழுவும் தெரிந்தன. நான் நடை பழகியது அந்தக் கல்லில்தான், அம்மாவைத் தூக்கிக்கொண்டு போனதும் அதைத் தாண்டித்தான். நடுவிலே கால் பட்டுப் பட்டுத் தேய்ந்து ஒரு பள்ளம் இருக்குமே, அதில் மழைத்தண்ணீர் கொஞ்சம் தேங்கியிருந்தது. அப்பா கல்லைச் சாய்த்ததும் அது வழிந்து ஓடிவிட்டது.

தெருப் பெண்கள் தலையில் கறுப்புத் துணி போட்டுக்கொண்டு வந்து ஓவென்று அழுதார்கள். செலிந்தா அத்தை மார்பில் அடித்துக்கொண்டாள். "ஐயோ என் கல்லே! என் மாமியார் மிதிச்ச கல்லே! என் மாமியார் தலையில விழாத கல்லே!" பொறியாளருக்குச் சங்கடமாகிவிட்டது. "அம்மா, நாட்டுக்காகத்தானே" என்றார். "நாட்டுக்காகத்தான் அழுறேன் ஐயா" என்றாள்.

கற்களை மாட்டுவண்டியில் ஏற்றி அப்பாவின் வேலைக் கொட்டகைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே சுத்தம் செய்து, விளிம்பு கொத்தி, பிறகு கோட்டைக்கு ஏற்றுவார்கள். இப்போது எல்லா வீட்டு வாசலிலும் ஒரு பலகை கிடக்கிறது. மிதித்தால் ஆடுகிறது.

பள்ளிக்கூடத்தில் தினமும் நாற்காலிமேல் ஏறி நின்று வாசித்துப் பழகுகிறேன். "மனமுவந்து" என்ற இடத்தில் கையை நெஞ்சில் வைக்க வேண்டும். ஆசிரியை கார்பானி என் கையைப் பிடித்துச் சரியான இடத்தில் வைக்கிறார். அவர் கெட்டவர் இல்லை அக்கா. அவர் எழுதியதை அவரே நம்புகிறார். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. அவர் வாசிக்கும்போது எனக்கே ஒரு நிமிடம் அது உண்மை மாதிரித் தோன்றுகிறது.

காய்ச்சல் என்று படுத்தால் அப்பாவைத் திரும்பக் கூட்டிக்கொண்டு போவார்கள். வாயை மூடிக்கொண்டு நின்றாலும் கூட்டிக்கொண்டு போவார்கள். நான் ஆசிரியை ஆக வேண்டும் என்பதை விட்டுவிடு. அதை விட்டுவிடு என்று எழுதுவதற்குள் இரண்டு முறை பேனா நின்றுவிட்டது.

நெரீனா


பியெல்லா
1936 ஜூலை 19

நெரீனா,

தொப்பி இல்லாமல் வந்தார் என்று எழுதியிருந்தாய். அந்த வரியைத் தாண்ட எனக்கு வெகுநேரம் ஆனது. அப்பாவைத் தொப்பி இல்லாமல் நான் தேவாலயத்தில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

எனக்கு அது தெரியாது. தெரிந்திருந்தாலும் மோதிரத்தைக் கொடுத்திருக்க மாட்டேன். இரண்டும் உண்மை. எப்படிச் சேர்த்து எழுதுவது என்று தெரியாமல் தனித்தனியாக எழுதுகிறேன்.

ஆனால் ஒன்று யோசித்துப் பார்த்தேன். இந்தப் பாரத்தை நீ ஏன் தூக்க வேண்டும்? நான் தூக்குகிறேன். ஆகஸ்ட் நடுவில் ஆலைக்கு விடுமுறை. நான் பத்தாம் தேதியே இங்கிருந்து கிளம்புகிறேன். போலோன்யாவில் ஒரு தோழி வீட்டில் தங்கிவிட்டு, பதினாறாம் தேதி காலை ஊருக்கு வந்துவிடுவேன். கூட்டத்தில் நிற்பேன். நீ உன் பாட்டுக்கு வாசிக்க ஆரம்பி. "மனமுவந்து" என்ற இடத்துக்கு வா. நான் கத்துகிறேன். "பொய்! பிடுங்கிக்கொண்டு போனார்கள்!" என்று ஊரே கேட்கக் கத்துகிறேன். தறிகளுக்கு மேல் கத்திப் பழகிய தொண்டை இது, கோட்டைச் சுவரில் எதிரொலிக்கும். பிடித்தால் என்னைப் பிடிக்கட்டும். நான்தான் ஏற்கெனவே ஓடுகாலி. நீயும் அப்பாவும் திகைத்து நில்லுங்கள், அது போதும்.

வேண்டாம் என்று எழுதாதே. முடிவு செய்துவிட்டேன்.

ஆர்ஜியா


ரோக்கதோர்சா
1936 ஆகஸ்ட் 7

அக்கா, வராதே. கத்தாதே. இதைப் படித்தவுடன் கொளுத்திவிடு.

உன் கடிதம் நேற்று முன்தினம்தான் வந்தது. படித்ததும், எனக்காக நீ சிறைக்குப் போவதைவிட நானே மாட்டேன் என்று சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தேன். நேற்று மதியம் அப்பா உளி தீட்டிக்கொண்டிருந்தபோது சொன்னேன்.

"அப்பா, நான் அதை வாசிக்க மாட்டேன். பொய். பிரபு நல்லவன் இல்ல. நீங்க என்ன வேணா செய்யுங்க."

அடிப்பார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். உளி தீட்டும் சத்தம் நின்றது.

"இதைச் சொல்ல இத்தனை நாளாச்சா உனக்கு?" என்றார். பிறகு, "வா, பன்னிக்குத் தீனி வைக்கலாம்" என்றார்.

நம்மிடம் பன்றி ஏது? செலிந்தா அத்தையின் பன்றித் தொழுவத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். உனக்குத் தெரியும், கோட்டையின் இடிந்த வெளிமதிலை ஒட்டி, அந்த மதில் கல்லாலேயே கட்டியது. உள்ளே போனால் சுவரில் பாதியைக் காணோம், பலகை அடித்திருக்கிறது. கீழே வைக்கோல். அப்பா காலால் வைக்கோலை விலக்கினார். தரை முழுக்கக் கல் பதித்திருந்தது. முதல் கல்லில் நடுவே ஒரு பள்ளம். எனக்குப் பார்க்கவே வேண்டியிருக்கவில்லை, செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை வைத்தேன். நம் வீட்டுக் கல்.

வாசற்கற்கள் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன அக்கா. நம் தெருவுடையது செலிந்தா அத்தை தொழுவத்தில், மேலத்தெருவுடையது அவர்கள் தொழுவங்களில். கொட்டகைக்குப் போன வண்டியில் அப்பா கற்களை மாற்றியிருக்கிறார். கோட்டை உச்சிக்கு ஏறிக்கொண்டிருப்பது பன்றித் தொழுவச் சுவர்! அதுவும் கோட்டையின் கல்தான், அதே நிறம், அதே கொத்து. பொறியாளர் எப்படிக் கண்டுபிடிப்பார்? ஊரில் எல்லோருக்கும் தெரியும். அடுப்படியில் பெண்கள் பேசி முடிவு செய்ததாம். செலிந்தா அத்தை அப்பாவை முதுகெலும்பில்லாதவர் என்று சொன்னதும், மார்பில் அடித்துக்கொண்டு அழுததும் நாடகம்.

நான் அழ ஆரம்பித்துவிட்டேன். "எல்லாருக்கும் தெரியும், எனக்கு மட்டும் ஏன் சொல்லல?"

வாளியோடு வந்த செலிந்தா அத்தைதான் பதில் சொன்னாள். "ஏன்டி, உன் மூஞ்சியைக் கண்ணாடியில பாத்திருக்கியா? சன்னல் மாதிரி. உள்ள இருக்கிற சட்டி பானையெல்லாம் வெளியில தெரியும். உங்க டீச்சர் உன்னைத் தினமும் நாற்காலியில ஏத்தி நிக்க வைக்கிறா. முதல் நாளே தெரிஞ்சிருக்கும்."

"பன்னி மிதிக்குதே அத்தை."

அப்பா சொன்னார்: "மிதிக்கத்தானே எடுத்து வந்தாங்க. யார் மிதிச்சா என்ன? நமக்குக் காலம் வரும்போது எடுத்து வச்சுக்கலாம்."

அதனால் நான் வாசிக்கப் போகிறேன். நீ "பிடுங்கிக்கொண்டு போனார்கள்" என்று கத்தினால், விசாரிப்பார்கள், ஒவ்வொரு வீடாகப் போவார்கள், தொழுவத்துக்கும் வருவார்கள். முதலில் அப்பா, பிறகு ஊரே. உன்னைக் கும்பிடுகிறேன், வராதே.

நெரீனா


போலோன்யா, ரயில் நிலையம்
1936 ஆகஸ்ட் 18

நெரீனா,

நீ ஏழாம் தேதி எழுதிய கடிதம் நான் கிளம்பிய பிறகுதான் பியெல்லா போய்ச் சேர்ந்திருக்கிறது. நான் போலோன்யா வழியாகத்தான் திரும்புவேன் என்று தெரிந்த ரயில்காரர்கள் அதை அங்கிருந்து திருப்பிக்கொண்டு வந்து இன்று காலை இந்த நிலையத்தில் என் கையில் கொடுத்தார்கள். அதாவது, எல்லாம் முடிந்த பிறகு. படித்துவிட்டு பெஞ்சியில் உட்கார்ந்து சிரித்தேன். பிறகு கொளுத்தினேன்.

மேடையிலிருந்து நீ பார்த்தது என் முகத்தை மட்டும்தான். கீழே நடந்ததைச் சொல்கிறேன்.

முக்காடு போட்டுக்கொண்டு பேண்டு வாத்தியக்காரர்களுக்குப் பின்னால் நின்றிருந்தேன். நல்ல வெயில். மதில் உச்சியில் புதுப் பற்கள் வரிசையாக. பார்த்ததும் வயிறு எரிந்தது. நீ வெள்ளைச் சட்டையில் மேடை ஏறினாய், கழுத்து வாத்துக்குஞ்சு மாதிரி இருந்தது. "சிகொல்ஃபோ பிரபுவின் நிழலில்" என்றாய். நான் மூச்சை உள்ளே இழுத்தேன். என்னவோ நாற்றம். யாரோ என் முழங்கையைப் பிடித்துக் கிள்ளினார்கள், சதையே பிய்ந்துவிடும்போல. செலிந்தா அத்தை.

"வாயைத் திறந்த, உன்னை இங்கயே பொதைச்சுருவேன்."

"அத்தை, விடு! பொய் சொல்ல வைக்கிறாங்க அவளை—"

"மூக்கு இருக்காடி உனக்கு? பியெல்லாவுல வித்துட்டியா? மோந்து பாரு."

மோந்து பார்த்தேன். கல்லுக்கு வெயில் ஏற ஏற நாற்றமும் ஏறியது. பன்றித் தொழுவத்துக்குப் பக்கத்தில் வளர்ந்தவள் நான், எனக்கா தெரியாது? திரும்பிப் பார்த்தேன். ஊரே நிற்கிறது. ஆண்கள் தொப்பியை நெஞ்சில் வைத்திருக்கிறார்கள், பெண்கள் கண்ணைத் துடைக்கிறார்கள். ஒருவர் முகத்திலும் ஒரு சுருக்கம் இல்லை. மேடையில் மாவட்டத் தலைவர் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு பாதிரியாரிடம் ஏதோ கேட்டார். பாதிரியார் சத்தமாகவே சொன்னார்: "பழமையின் வாசனை, ஐயா. ரொம்ப பழைய கல்லு."

அத்தை என் காதில் இரண்டே வாக்கியத்தில் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். என் வாய்க்குள் இருந்த கத்தல் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. முழுங்கினேன். இன்னும் நெஞ்சில் நிற்கிறது.

நீ என்னைப் பார்த்தாய், இல்லையா? "காலத்தின் கொடுமையால்" என்ற இடத்தில் உன் குரல் நின்றது. நான் கத்தப் போகிறேன் என்று பயந்துதானே? நான் தலையை ஆட்டினேன். உனக்குத் தெரிந்ததா என்று தெரியவில்லை. அடுத்த வரியை நீ வாசித்தாய் பார், ஆலையில் மேஸ்திரிகூட அப்படிக் கத்தியதில்லை.

பிறகு அந்தக் கடைசிக் கல். அதைப் பற்றி நீதான் சொல்ல வேண்டும். ஏன் அந்தக் கல்?

கூட்டம் கலைந்தபோது அப்பா என் பக்கமாக வந்தார். நிற்கவில்லை. கறுஞ்சட்டைக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடந்து போகும்போது, என்னைப் பார்க்காமல், "மெலிஞ்சுட்ட" என்றார். அவ்வளவுதான். அவருக்குப் புதுத் தொப்பி. அவரைப் பற்றி நான் உனக்கு எழுதியவற்றை அவரிடம் காட்டிவிடாதே. காட்டினாலும் பரவாயில்லை. நானே ஒரு நாள் சொல்ல வேண்டும்.

ரயில் வருகிறது.

ஆர்ஜியா


1936 அக்டோபர் 22
பள்ளி விடுதி, இரவு

அன்புள்ள அக்கா,

இரவல் வாங்கிய கைவிளக்கைப் போர்வைக்குள் மறைத்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன். இந்த விடுதியில் கூடத்துக்கு இருபது கட்டில்கள். கண்காணிப்பாளர் செருப்பில் ஆணி வைத்திருக்கிறார் போல, நடந்தால் கேட்கும். ஊர்த்தலைவர் சொன்னபடியே கையெழுத்துப் போட்டார். நான் நகரத்துக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது.

ஏன் அந்தக் கல் என்று கேட்டிருந்தாய். உரை முடிந்ததும் மாவட்டத் தலைவர் மேடையில் கிடந்த மூன்று கற்களைக் காட்டி, "உனக்குப் பிரியமான கல்லைச் சொல்லு பாப்பா, அதையே ஏத்தலாம்" என்றார். உரையில் இது இல்லை. யாரும் சொல்லித்தரவில்லை. அப்பா கீழே நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு கற்கள் சுத்தமாக இருந்தன. மூன்றாவது, தொழுவத்தில் தீனித்தொட்டியை ஒட்டி இருந்த கல். பன்றி முதுகு தேய்த்துத் தேய்த்து ஒரு பக்கம் பளபளவென்றிருக்கும். நான் அதைக் காட்டினேன்.

"ஏன் இது?"

"இதுதான் ரொம்ப வழவழன்னு இருக்கு ஐயா" என்றேன்.

பத்திரிகைக்காரர் படப்பெட்டியைத் தூக்கினார். தலைவர் ஒரு முழங்காலை மடக்கிக் குனிந்து, அந்தப் பளபளப்பான பக்கத்தில், சரியாக அங்கேயே, முத்தம் கொடுத்தார். ஊரே கைதட்டியது. அப்படிக் கைதட்டி நான் கேட்டதில்லை. தட்டாவிட்டால் சிரித்துவிடுவார்கள், அதனால் தட்டினார்கள். செலிந்தா அத்தை அழுதேவிட்டாள், நீயே பார்த்திருப்பாய். இந்த முறை அது நாடகம் இல்லை.

அந்தப் படம் இங்கே, எங்கள் வகுப்பு நடைக்கூடத்தில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. அவர் குனிந்திருக்கிறார், பக்கத்தில் நான் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறேன். போகும்போதும் வரும்போதும் கையை நீட்டி வணக்கம் வைக்க வேண்டும். வைக்கிறேன்.

இன்று வரலாற்று ஆசிரியர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். "அடடே, அந்தப் பொண்ணு நீதானா! எழுந்திரு. உங்க கோட்டை வரலாற்றை வகுப்புக்குச் சொல்லு" என்றார். எழுந்தேன். இரண்டு பக்கமும் இன்னும் மனப்பாடம்தான், நடுராத்திரியில் எழுப்பிக் கேட்டாலும் வரும். "எங்கள் முன்னோர்கள்" என்று ஆரம்பித்தேன். முப்பது பெண்கள் பேனாவை எடுத்துக்கொண்டு என் வாயைப் பார்த்தார்கள். எழுதிக்கொள்ளப் போகிறார்கள்.

என்னால் முடியவில்லை அக்கா. நடந்ததைச் சொன்னேன். அம்புத் துளைகள் எந்தப் பக்கம் பார்க்கின்றன என்பதையும், ஜன்னல் இல்லாத சுவர்களையும், பூட்டிய அடுப்பையும், மாவையும், நாற்காலியில் உட்கார்ந்திருந்த பிரபுவையும் சொன்னேன். தொழுவத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. நான் இப்போது அவ்வளவு சன்னல் இல்லை.

"இது எந்தப் புத்தகத்துல இருக்கு?" என்றார்.

"புத்தகத்துல இல்ல சார். புத்தகம் எழுதினவர் எங்க ஊர்ப் பக்கமே வந்ததில்ல."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். என்னைத் தலைமையாசிரியையிடம் அனுப்பினார். அவர் கத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமை பெரிய கூடத்தில், எல்லா வகுப்புகளும் இருக்கும்போது, ஆகஸ்டில் வாசித்த உரையை நான் அப்படியே திரும்ப வாசிக்க வேண்டும் என்றார். கையை நெஞ்சில் வைத்து. இல்லாவிட்டால் இலவச இடம் போய்விடும், திங்கட்கிழமை ரயிலில் வீடு.

நான் வாசிக்க மாட்டேன்.

ஊரில் ஒரு தடவை வாசித்தவள்தானே, இன்னொரு தடவை வாசித்தால் என்ன என்று நானே என்னைக் கேட்டுப் பார்த்தேன். அங்கே கேட்டுக்கொண்டிருந்த ஒவ்வொருவருக்கும் அது பொய் என்று தெரியும். இங்கே ஒருத்திக்கும் தெரியாது. முப்பது பேரும் எழுதிக்கொள்வார்கள், நாளைக்கு முப்பது ஊரில் ஆசிரியைகளாவார்கள்.

அப்பாவைக் கூட்டிக்கொண்டு போவார்களா என்று பயமாக இருக்கிறது. பள்ளியில் ஒரு பெண் அடங்காமல் பேசினாள் என்பதற்காக மாட்டார்கள் என்று நினைக்கிறேன். நினைக்கத்தான் முடிகிறது. இந்த இரவே அவருக்கும் தனியாக எழுதிவிடுவேன், கோஸிமோ மூலம். திங்கட்கிழமை நான் வீட்டுக்கு வந்தால் பலகையை மிதித்து உள்ளே போவேன், அது ஆடும். ஆடட்டும். செலிந்தா அத்தைக்கு அடுப்படியில் ஆள் வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நம் ஊர்ப் பள்ளிக்கூடத்து நாற்காலியில் ஆசிரியையாக ஒரு நாள் உட்கார வேண்டும் என்று ஆசையாகத்தான் இருந்தது. இப்போதும் இருக்கிறது.

ஆணிச் செருப்பு தூரப் போய்விட்டது. பக்கத்துக் கட்டில்காரி, சந்தைத்தெரு ரொட்டிக் கடைக்காரர் மகள், என் போர்வையை இழுக்கிறாள். அவளுக்குப் பின்னால் இன்னும் மூன்று பேர் வெறுங்காலோடு வந்து நிற்கிறார்கள்.

"நெரீனா, தூங்கிட்டியா? பல்லெல்லாம் பிடுங்கின அப்புறம் அந்தப் பிரபு என்ன செஞ்சான்? சொல்லுடி."

விளக்கை அணைத்துவிட்டுச் சொல்லப் போகிறேன். 

நெரீனா